சோப்பு எட்டும் தூரத்தில் இருக்கிறதா?
வாசகியர் கேள்விகளும் குழந்தைகள் நல மருத்துவரின் பதில்களும்

சென்ற இதழில் கைக்குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதியபோது, ‘ஊட்டும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். நீலகிரி வாசகியர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதிய கடிதங்களே இம்முறை அதிகம் என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: மார்கழி, தை மாதங்களில் காலையில் குழாயைத் திறந்தால் கை மரத்துப் போகிறது. பத்து மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் பலமுறை கால் கழுவிவிட வேண்டியிருக்கிறது. வெந்நீரில் கழுவினால்தான் கிருமி சாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஒவ்வொரு முறையும் தண்ணீர் சுட வைத்தால் எரிவாயு கட்டுப்படியாகாது. என்ன செய்வது?
– ஒரு தாய், தலைக்குந்தா

பதில்: உறைபனி விழும் ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்; சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியாது. முதலில் அக்காவின் கருத்தைப் பார்த்துவிடுவோம். கிருமிகளைக் கொல்லும் அளவுக்குச் சூடான தண்ணீரில் கையை வைத்தால் தோல் வெந்துவிடும். நாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய இளஞ்சூடு எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. கையைச் சுத்தமாக்குவது சூடு அன்று. சோப்பும், தேய்ப்பும், ஓடுகிற தண்ணீரும்தான். சோப்பு கையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுக்கிறது, அந்தப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமிகளும் தண்ணீரோடு போய்விடுகின்றன. குளிர்ந்த நீரில் கழுவினாலும் வெதுவெதுப்பான நீரில் கழுவினாலும் போகிற கிருமிகளின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் குளிர்ந்த நீரால் வேறொரு கெடுதல் உண்டு. கை மரத்துப் போகும் என்ற பயத்தில் சோப்பைத் தொட்டும் தொடாமலும் இரண்டு விநாடியில் வேலையை முடித்துவிடுகிறோம். தேய்ப்பதற்கு மட்டுமே 20 விநாடியாவது வேண்டும். ஆகவே உங்கள் வீட்டில் குறைக்க வேண்டியது கழுவும் நேரத்தை அன்று, குளிர்ந்த நீர் கையில் படும் நேரத்தை. கையை நனைக்கச் சில துளிகள் போதும். குழாயை மூடிவிட்டு, சோப்பை எடுத்து உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரலின் அடிப்பகுதி, நகக்கண் என எல்லா இடங்களிலும் நுரை வரத் தேயுங்கள். மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பில்லாத மென்னீர் என்பதால் நுரை எளிதில் வரும். கடைசியில் அலசுவதற்கு மட்டும் வெதுவெதுப்பான நீர் இருந்தால் கைக்கு இதமாக இருக்கும். காலையில் எப்படியும் தேநீருக்கோ குளிக்கவோ தண்ணீர் சுட வைப்பீர்கள். அதில் ஒரு பங்கைச் சூடு ஆறாத குடுவையில் ஊற்றி, கழிவறைக்குப் பக்கத்தில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் பச்சைத் தண்ணீரில் சிறிது கலந்து விளாவிக்கொள்ளலாம். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் இரண்டு கைகளையும் நன்றாக அலசிவிட முடியும். குழந்தையின் அடிப்புறத்தைக் கழுவவும் அதே விளாவிய தண்ணீர் உதவும் என்பதால், உங்களைக் காட்டிலும் அதற்குத்தான் மகிழ்ச்சி.

கையைத் துடைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஈரக் கையில் கிருமிகள் எளிதில் ஒட்டும், எளிதில் பிறருக்கும் பரவும். உங்கள் ஊரின் பனிமூட்டத்தில் கை தானாக உலரக் காத்திருக்க முடியாது. எனவே பெரும்பாலானோர் முந்தானையிலோ சால்வையிலோ துடைத்துக்கொள்கிறார்கள். சற்று முன்பு குழந்தையின் மூக்கைத் துடைத்ததும், அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கியதும் அதே முந்தானைதான். ஆணியில் ஒரு சிறு துண்டை இதற்கென்றே தொங்கவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைத்துப் போடுங்கள்.

சூடு பற்றிய பேச்சில் இன்னொன்றும்: குடிநீருக்குச் சூடு அவசியம்தான், உங்கள் உயரத்தில் அது சற்றுக் கூடுதலாகவே அவசியம். 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது என்பதால், தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். எரிவாயுவை அதற்குச் செலவழியுங்கள்.

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து 12 நாள் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பேருந்திலிருந்து இறங்கி நேரே வந்து குழந்தையைத் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். கையைக் கழுவச் சொன்னால், ‘நாங்கள் பிள்ளை பெற்று வளர்க்காதவர்களா?’ என்று மாமியாரும் நாத்தனாரும் கோபித்துக்கொள்கிறார்கள். எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: கோபம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் வந்ததன்று. 1847ஆம் ஆண்டில் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணக்கூறாய்வு அறையிலிருந்து பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவ வேண்டும் என்று விதித்தார். அதற்கு முந்தைய ஏப்ரல் மாதத்தில் அங்கே பிரசவித்த தாய்மார்களில் 18 விழுக்காட்டினர் பிரசவக் காய்ச்சலால் இறந்திருந்தனர். ஜூன் மாதத்தில் அது 2 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. இருந்தும், ‘எங்கள் கையா அசுத்தம்?’ என்று அன்றைய மருத்துவ உலகம் அவரை ஏற்க மறுத்தது. மெத்தப் படித்தவர்களுக்கே அந்தச் சொல் சுட்டது என்றால், பேரக்குழந்தையைப் பார்க்க ஆசையோடு வருகிறவர்களுக்குச் சுடாமல் இருக்குமா?

ஆனால் விஷயம் விட்டுக்கொடுக்கக் கூடியதன்று. தெற்கு நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் 23,000க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், குழந்தையைத் தொடும் முன் கைகழுவும் வழக்கமுள்ள தாய்மார்களின் குழந்தைகளிடையே முதல் மாத இறப்பு 44 விழுக்காடு குறைவாக இருந்தது. கைகழுவுகிற தாய் மற்றவற்றிலும் கவனமாக இருந்திருப்பாள் என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் அத்தகைய வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்த பிறகு வந்த எண் இது. பிறந்த குழந்தைக்குத் தொற்றை எதிர்க்கும் வலிமை குறைவு, தொப்புள் காயமும் ஆறியிருக்காது. முதல் 28 நாட்களுக்கு, குழந்தையைத் தொடும் எல்லாக் கைகளுக்கும் ஒரே விதிதான்.

எப்படிச் சொல்வது என்பதற்கு என் யோசனை, சொல்லவே வேண்டாம் என்பது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது நம்மவர்களின் பழைய மரியாதை. வாசல் திண்ணையில் ஒரு வாளி வெதுவெதுப்பான நீர், சொம்பு, சோப்பு, துண்டு ஆகியவற்றை வைத்து, ‘குளிரில் வந்திருக்கிறீர்கள், வெந்நீர் வைத்திருக்கிறோம், கை கால் கழுவிக்கொண்டு வாருங்கள் அத்தை’ என்று உங்கள் கணவர் சொல்லட்டும். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளே ஆனவர் எழுந்து நின்று வீட்டு உறவுகளோடு வாதாட வேண்டியதில்லை. தன் அம்மாவிடமும் அக்காவிடமும் பேச வேண்டியவர் மகன்தான். மாமியார் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் என்றால், ‘வருகிறவர்கள் கை கழுவினார்களா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் பாட்டிமாரைப்போலக் கண்டிப்பான காவலர்கள் கிடையாது.

கேள்வி: சோப்பு தீர்ந்துபோன நாளில் அடுப்புச் சாம்பலைப் போட்டுக் கழுவலாமா? மண் போட்டுத் தேய்ப்பது?
– ஒரு வாசகி, மஞ்சூர்

பதில்: சாம்பல் போடலாம்; வெறும் தண்ணீரைவிட நல்லது. அது பிசுக்கை எடுக்கும், தேய்க்கவும் வைக்கும். விறகு மட்டும் எரிந்த, ஆறிய சாம்பலாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கும் குப்பையும் எரித்தது கூடாது. மண் வேண்டாம். அதில் புழு முட்டைகளும் தனுர்வாதக் கிருமியும் இருக்கக்கூடும்.

கேள்வி: நான் தேயிலை பறிக்கும் வேலைக்குப் போகிறேன். ஒன்றேகால் வயதுக் குழந்தை காப்பகத்தில் இருக்கிறது. மதியம் ஓடிப்போய்ப் பால் கொடுத்து, இரண்டு வாய் சோறு ஊட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். கையெல்லாம் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. காப்பகத்தில் டிரம்மில் தண்ணீர் இருக்கிறது, சோப்பு இருக்காது. லைன் வீட்டிலும் பொதுக்குழாய்தான், அதுவும் தினமும் வராது. எங்களைப் போன்றவர்கள் எப்படிச் சுத்தமாக இருப்பது?
– ஒரு தொழிலாளி, பந்தலூர் வட்டம்

பதில்: கறையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கொழுந்தின் சாறு காற்றுப் பட்டுக் கறுத்துத் தோலில் ஏறிய நிறம் அது. அதனால் குழந்தைக்குத் தீங்கில்லை. அந்தக் கறையைப் போக்குவதற்காகச் செங்கல் தூள், பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் ஆகியவற்றால் விரலைத் தேய்க்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கனவே குளிரில் வெடித்த விரல்நுனிகளில் இன்னும் கீறல் விழுந்து, அங்கேதான் கிருமி தங்கும். கறுத்த கை சுத்தமான கையாக இருக்கலாம், வெளுத்த கை அழுக்காக இருக்கலாம்.

கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இரண்டைப் பற்றி. ஒன்று, தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும். மருந்து அடித்த பாத்தியில் வேலை செய்த நாளில் வெறும் தண்ணீரில் கையை அலசிவிட்டுப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. சோப்பு போட்டு முழங்கை வரை கழுவி, உடைக்கு மேலே கட்டியிருக்கும் படங்குத் துணியையும் மேல்சட்டையையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் மடியில் எடுக்க வேண்டும். மற்றொன்று, தோட்டத்தில் ஒதுக்குப்புறமாகப் போய்விட்டு வரும்போது கையைக் கழுவ வழியில்லாமல் இருப்பது. கொழுந்துப் பையோடு ஒரு சிறு துணிமுடிப்பில் சோப்புத் துண்டையும் எவர்சில்வர் குப்பியில் தண்ணீரையும் எடுத்துச் செல்வது கூடுதல் சுமைதான். ஆனாலும் இதற்கு வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

காப்பகத்தில் டிரம் இருக்கிறது என்றீர்கள். டிரம்முக்குள் சொம்பை முக்கி எடுக்கும்போது எடுக்கிறவரின் விரல் தண்ணீரில் படுகிறது. பத்துப் பேர் எடுத்தால் பத்துப் பேரின் விரல்களும் அந்தத் தண்ணீரில்தான். டிரம்மின் அடியில் ஒரு குழாய் பொருத்திவிட்டால் அந்தச் சிக்கல் தீரும். அது உடனே நடக்காது என்றால், ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றைக் கழுவி, கழுத்துப் பக்கத்தில் ஆணியால் ஒரு துளை போட்டு, ஒரு கம்பில் தொங்கவிட்டு, மூடியில் கட்டிய கயிற்றின் மறுமுனையை ஒரு குச்சியில் கட்டிக் காலால் மிதிக்கும்படி வைத்துவிடலாம். மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் விழும்; காலை எடுத்தால் நின்றுவிடும். கை எதையும் தொட வேண்டியதில்லை, தண்ணீரும் வீணாகாது. பக்கத்தில் சோப்பைத் துளையிட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் மண்ணிலும் விழாது, காணாமலும் போகாது. சோப்புக்கட்டி விலை அதிகம் என்றால், சுமார் 30 கிராம் துணி சோப்புத் தூளை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துப் பயன்படுத்தலாம். வங்கதேசக் கிராமங்களில் ஏழைக் குடும்பங்களிடம் இந்த முறை சோதிக்கப்பட்டு நன்றாகவே பயன்பட்டது. ஒரு கட்டிக்குப் பல கைகள் என்ற தயக்கமும் வேண்டாம். கட்டியின் மேல் தங்கும் கிருமி அடுத்தவர் கைக்கு நோய் தரும் அளவில் ஏறுவதில்லை.

இதையெல்லாம் நீங்களே செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகளுக்கான காப்பகத்தையும், தொழிலாளர்களுக்குக் குடிநீரையும் நிர்வாகம் ஏற்படுத்தித் தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. காப்பகம் என்றால் நான்கு சுவரும் ஓர் ஆயாவும் மட்டும் அன்று. குழாயும் சோப்பும் வேண்டும் என்று சங்கத்தின் மூலமாக எழுத்தில் கேளுங்கள்; தாய்மார்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். பால் கொடுப்பதற்காக ஒவ்வொரு முறையும் மார்பைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டிய அவசியம் இல்லை, அது காம்பை வறளச் செய்துவிடும். கை சுத்தமாக இருந்தால் போதும்.

கேள்வி: சானிடைசர் இருக்கும்போது சோப்பு எதற்கு?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டால், உங்கள் கைப்பையில் இருக்கும் சானிடைசரால் அந்த இடத்தில் பெரிய பயன் இல்லை. வாந்தி, மலம், எண்ணெய், மண் ஆகியவை படிந்த கையில் அது சரியாக வேலை செய்வதில்லை; குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் உண்டாக்கும் நோரோ வைரஸை அது ஒழுங்காக அழிப்பதும் இல்லை; பூச்சிமருந்தை அகற்றுவதும் இல்லை. பார்வைக்கு அழுக்கில்லாத கையோடு வெளியில் இருக்கும்போது, 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் உள்ளதைப் பயன்படுத்தலாம். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்க் குப்பிகளுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் குப்பியில் தண்ணீரோடு சோப்புத் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். சானிடைசரைக் குழந்தை குடித்துவிடாத இடத்தில் வைப்பது மிக முக்கியம்.

கேள்வி: கிருமிநாசினி சோப்பு என்று கூடுதல் விலைக்கு விற்பதைத்தான் வாங்க வேண்டுமா?
– ஒரு தாய், அருவங்காடு

பதில்: வேண்டாம். கராச்சியின் குடிசைப் பகுதிகளில் 2002–2003ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வில், சில குடும்பங்களுக்குச் சாதாரண சோப்பும் சில குடும்பங்களுக்குக் கிருமிநாசினி சோப்பும் இலவசமாகக் கொடுத்து, வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று கைகழுவும்படி ஊக்கப்படுத்தினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே நிமோனியா பாதியாகக் குறைந்தது. இரண்டு சோப்புகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016ஆம் ஆண்டில் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருள்களைக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அறிவித்தது. மிச்சப்படும் பணத்தில் இன்னொரு கட்டி வாங்கிச் சமையலறையில் வையுங்கள். அது ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். எப்போதெல்லாம் கைகழுவ வேண்டும் என்று தாய்மார்களிடம் கேட்டால், கழிவறைக்குப் போன பின், குழந்தைக்குக் கால் கழுவிய பின், சமைக்கும் முன், ஊட்டும் முன், உண்ணும் முன் என்று எல்லோரும் ஒப்பிப்பதுபோலச் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போனால் அப்படித் தெரியவில்லை. சத்துமாவைப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுக்கும்போது யாரும் சோப்பைத் தேடிப் போவதை நான் பார்த்ததே இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. வேறு வழி இருக்கிறதா?
– ஒரு பணியாளர், குந்தா வட்டம்

பதில்: இம்முறை வந்த கேள்விகளில் இதுதான் ஆழமானது. நீங்கள் கண்டதை உலகெங்கும் கண்டிருக்கிறார்கள். கானா நாட்டில் தாய்மார்களிடம் கேட்டபோது கழிவறைக்குப் பின் சோப்பு போட்டுக் கழுவுவதாக 75 விழுக்காட்டினர் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து கவனித்தபோது அப்படிச் செய்தவர்கள் 3 விழுக்காட்டினர். தாய்மார்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருளன்று. சரியான விடை எது என்று தெரிந்த கேள்விக்கு யாரும் சரியான விடையைத்தான் சொல்வார்கள். ஆகையால் அறிவைக் கேட்டுப் பழக்கத்தை அளக்க முடியாது. அறிவைக் கொடுத்துப் பழக்கத்தை மாற்றவும் பெரும்பாலும் முடியாது.

நம் வீடுகளைக் கூர்ந்து பாருங்கள். சாப்பிடும் முன் கையைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு உட்காருகிறோம். சாப்பிட்டு முடித்ததும், மீன் வாடையும் எண்ணெயும் போக, சோப்பு போட்டுக் கழுவுகிறோம். முறை தலைகீழாக இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று 2018ஆம் ஆண்டில் கேட்டபோதும், மலம் கழித்த பின் சோப்பு பயன்படுத்துவதாகச் சொன்ன குடும்பங்கள் 74 விழுக்காடு, உணவுக்கு முன் பயன்படுத்துவதாகச் சொன்னவை 36 விழுக்காடு. நாற்றமோ பிசுக்கோ இருந்தால்தான் கை சோப்பைத் தேடுகிறது. சத்துமாவு பிசையப் போகும் கையில் எந்த நாற்றமும் இல்லை, எனவே தேடவில்லை. கைக்குழந்தையின் மலத்துக்கும் இதுவே பொருந்தும். ‘பால் குடிக்கிற பிள்ளைதானே, அதன் கழிவில் என்ன இருக்கிறது?’ என்பார்கள். உண்மையில் வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸும் மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் சிறு குழந்தைகளின் மலத்தில் ஏராளமாக வெளியேறும். பின்னதில் குழந்தைக்கு நோயின் அறிகுறியே பெரும்பாலும் தெரியாது. மேலும், இடது கையால் கழுவிவிட்டு இடது கையை மட்டும் அலசுகிறவர்கள் பலர். தண்ணீர் ஊற்றிய வலது கையும் குழந்தையைப் பிடித்த கைதான். இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்தால்தான் இரண்டும் சுத்தமாகும்.

இனி வழி. நமக்கு அருகிலுள்ள சித்தூர் மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஆய்வு செய்யப்பட்டு, 2014ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான ‘சூப்பர் அம்மா’ இயக்கம் நோயைப் பற்றியும் கிருமியைப் பற்றியும் பேசுவதை ஏறத்தாழ விட்டுவிட்டது. பிள்ளையை நல்ல பழக்கங்களோடு ஆளாக்குகிற ஒரு கிராமத்துத் தாயைக் கதையாகவும் படமாகவும் காட்டியது, அழுக்குக் கையால் தின்பண்டம் பிடிக்கிறவனைக் காட்டி மக்களை முகம் சுளித்துச் சிரிக்க வைத்தது, ஊரார் முன்னிலையில் உறுதிமொழி எடுக்கச் செய்தது. தொடக்கத்தில் அங்கே சோப்பு போட்டுக் கழுவியது உரிய தருணங்களில் ஒரு விழுக்காட்டில்தான். ஆறு மாதத்துக்குப் பின் இயக்கம் நடந்த கிராமங்களில் 37 விழுக்காடு, நடக்காத கிராமங்களில் 6 விழுக்காடு. கிருமியைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, நல்ல தாய் என்ற பெருமையும் அருவருப்பும் வலியவை என்பது தெரிகிறது. அருவருப்பை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் பரிந்துரைக்கிறேன். அது யார் வீட்டையும் சாதியையும் குறிவைக்கும் ஏளனமாகத் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

என் பங்குக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது எப்போது கைகழுவுகிறீர்கள் என்று கேட்காமல், சோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் ஒரே கட்டி குளியலறையில் இருக்கும். சமையலறையிலிருந்து முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். மழையிலும் பனியிலும் அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் போவார்கள்? அந்தக் கட்டியைக் கத்தியால் இரண்டாக வெட்டி ஒரு பாதியைச் சமையலறைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைக்கச் செய்யுங்கள். சத்துமாவுப் பையை எங்கே வைக்கிறார்களோ அதன் மேலேயே ஒரு சோப்புப் பெட்டியை வைக்கச் சொல்லுங்கள். மாவை எடுக்க வேண்டுமென்றால் சோப்பைத் தொட்டாக வேண்டும். ஐந்து தருணங்களையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். குழந்தைக்குக் கால் கழுவிய பின், ஊட்டும் முன் – இந்த இரண்டும் படிந்துவிட்டால் மற்றவற்றுக்கு ஆறு மாதம் கழித்துப் போகலாம். கூட்டத்துக்குத் தாய்மார்களை மட்டும் அழைக்காமல் வீட்டில் ஊட்டுகிற பாட்டியையும், கடைக்குப் போய்ச் சோப்பு வாங்குகிற அப்பாவையும் அழையுங்கள்.

கேள்வி: கேரட் தோட்டத்தில் என் இரண்டு வயது மகன் மண்ணிலேயே விளையாடுகிறான், விரலை வாயில் வைக்கிறான். நான் மட்டும் கைகழுவி என்ன பயன்?
– ஒரு தாய், கேத்தி

பதில்: நியாயமான கேள்வி. மண்ணில் இருக்கும் உருளைப்புழு முட்டைகள் நகக்கண் வழியாகத்தான் வாய்க்குப் போகின்றன. வாரம் ஒருமுறை உறங்கும் நேரத்தில் அவன் நகத்தை வெட்டிவிடுங்கள், விழித்திருக்கும்போது விடமாட்டான். உணவுக்கு முன் உங்கள் கைக்குள் அவன் கையை வைத்து, இருவரும் ஒரே நுரையில் சேர்ந்து தேய்த்துக் கழுவினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும், அவனுக்கும் விளையாட்டாக இருக்கும். ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடியில் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: தலைவலிக்கு நீலகிரித் தைலம் தேய்த்த கையோடு குழந்தையைத் தூக்கலாமா?
– ஒரு வாசகி, உதகை

பதில்: கூடாது. சிறு குழந்தைகளின் வயிற்றுக்குள் அந்தத் தைலம் சிறிதளவு போனாலும் மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். கண்ணில் பட்டால் எரியும். எண்ணெய் என்பதால் தண்ணீர் மட்டும் போதாது, சோப்பு போட்டு இருமுறை கழுவிவிட்டுத் தூக்குங்கள். குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ அதைத் தடவவே வேண்டாம்.

கேள்வி: என் மனைவிக்குப் பிரசவமாகி மூன்று மாதம் ஆகிறது. எதைத் தொட்டாலும் கைகழுவுகிறாள். கழுவிய பிறகும் சந்தேகம் வந்து மறுபடி கழுவுகிறாள். கை வெடித்து இரத்தம் கசிகிறது. குழந்தையை யாரும் தொடக் கூடாது என்கிறாள், சில சமயம் தானே தொடப் பயப்படுகிறாள். சுத்தம் நல்லதுதானே என்று முதலில் விட்டுவிட்டோம். இப்போது கவலையாக இருக்கிறது.
– ஒரு கணவர், கூடலூர்

பதில்: கவலைப்பட்டது சரி. தோலுக்கான வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்: வெதுவெதுப்பான நீர், மென்மையான குளியல் சோப்பு, தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது, உடனே வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவுவது. இரத்தம் கசிகிற இடங்களை மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆனால் இது தோலின் சிக்கல் அன்று. குழந்தைக்கு ஏதோ தீங்கு வந்துவிடும், அதுவும் தன் கையால் வந்துவிடும் என்ற எண்ணம் விடாமல் வந்து, கழுவினால் சிறிது நேரம் அடங்கி, மீண்டும் எழுவது பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் ஒரு மனநோய்நிலை. அவர் பிடிவாதக்காரரும் அல்லர், அன்பில்லாதவரும் அல்லர். அளவு மீறிய அக்கறையே நோயாக மாறியிருக்கிறது. பேச்சு வழிச் சிகிச்சையாலும், தேவைப்பட்டால் பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளாலும் இது நன்றாகக் குணமாகும். 14416 என்ற கட்டணமில்லா ‘டெலி மனஸ்’ மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்; அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்வேன் என்பதுபோலப் பேசினாலும், நடப்பிலும் பேச்சிலும் குழப்பம் தெரிந்தாலும், தூக்கமே இல்லாமல் போனாலும் அன்றே செல்ல வேண்டும்.

‘போதும், கழுவாதே’ என்று அதட்டுவதும், ‘கை சுத்தமாகத்தான் இருக்கிறது’ என்று நாளெல்லாம் உறுதி சொல்லிக்கொண்டே இருப்பதும் இரண்டுமே பயன் தராது. சோப்பை ஒளித்து வைக்காதீர்கள். குழந்தையை அவரிடமிருந்து பிரித்துப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். இரவில் பால் குடித்தபின் ஏப்பம் விடச் செய்வதையும் துணி மாற்றுவதையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, அவர் தொடர்ந்து சில மணி நேரமாவது தூங்கும்படி பாருங்கள். மருத்துவரிடம் முதல் முறை போகும்போது குழந்தையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.